ஆழப்பக்கத்து ஓட்டை

எங்கள் பள்ளியின் நீச்சல் குளத்துக்குக் கூரை உண்டு. நான்கு பக்கமும் சுவர் உண்டு. சன்னல்களை ஆள் உயரத்துக்கு மேலே வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து யார் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கட்டியவர்கள் கோழிப்பண்ணை, லாரி, போர்வெல் வண்டி என்று சம்பாதித்த பங்குதாரர்கள் ஏழெட்டுப் பேர். நீச்சல்மேல் அவர்களுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. பள்ளியின் விளம்பரப் புத்தகத்தில் நீல நிறத்தில் ஒரு படம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கூரை போட்டதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணை வெட்டவெளியில் தண்ணீரில் இறக்க இந்தப் பக்கத்தில் எந்த அப்பாவும் ஒப்ப மாட்டார். கூரை இருந்ததால் ஒப்பினார்கள். சொல்லிக் கொடுக்க ஒரு பொம்பளை டீச்சர் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

எனக்கு வீடு சேலத்தில், அஸ்தம்பட்டியில். இருபத்தோரு வருடமாக ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டி பிடித்து, ராசிபுரம் தாண்டி இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கிறேன். சேர்ந்தபோது அந்த நடை பத்து நிமிடம். இப்போது முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பதினெட்டு நிமிடம் ஆகிறது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். குளத்து ஓரத்தில் நான் கத்துவது கணக்கு வகுப்பு வரை கேட்கும் என்று மற்ற டீச்சர்கள் கேலி பேசுவார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு தண்ணீரில் இறங்காதே என்று இருபத்தோரு வருடமாகச் சொல்கிறேன், இன்னும் திங்கட்கிழமை காலையில் தண்ணீரின் மேல் தேங்காயெண்ணெய் மிதக்கிறது.

ஒருமுறை, நான் வகுப்பு டீச்சராக இருந்தபோது, ஒரு பெண் பொங்கல் லீவு முடிந்து வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நின்றாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, கிணற்றில் ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது, குதித்து எடுத்ததில் ஜுரம் வந்துவிட்டது என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முட்டி போட வைத்தேன். மறுநாள் அவள் அப்பா போன் செய்தார். "நீங்கதானுங்களா அந்த நீச்ச டீச்சரு? புள்ளைய ரெண்டு அடி போட்டுட்டனுங்க, பொட்டப்புள்ள கெணத்துல குதிக்கலாமான்னு. அப்பறந்தான் ரோசன பண்ணிப் பாத்தேன். குட்டி பொழச்சுக்கிச்சுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு பை நிலக்கடலை வந்தது. எனக்குக் கிடைத்த விருது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

குளம் கெட ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது. குளோரின் ஆவி மேலே ஏறி ஏறிக் கூரை இரும்பெல்லாம் துருப்பிடித்தது. பெண்கள் மல்லாந்து நீந்தும்போது முகத்தில் துருப்பொடி விழுந்தது. டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விளிம்பு காலைக் கிழித்தது, நான் விசிலோடு பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் நிற்கவில்லை. சாயங்காலம் பார்த்துவிட்டுப் போன மட்டத்துக்குக் காலையில் மூன்று விரற்கடை குறைந்திருக்கும். வாரத்துக்கு ஒரு டேங்கர் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போனது.

டேங்கர் வரும்போதெல்லாம் தாளாளர் வெளியே வந்து நிற்பார். அவர் வாலிபத்தில் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போய், பிறகு சொந்த வண்டி வாங்கி, வடக்கே எங்கெங்கோ துளை போட்டுச் சம்பாதித்தவர். தண்ணீர் சிந்தினால் அவருக்கு மனசு தாங்காது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்கு ஊத்தற தண்ணியில ஒரு ஹாஸ்டலே குளிச்சுப்போடலாமுங்க. எத்தன நாளைக்கு இப்பிடி ஓட்டறது? மண்ணப் போட்டு மூடி, மேல தரையப் போட்டு, ஏசி வெச்சு ஸ்டடி ஹால் ஆக்கிப்போடலாம்னு பாக்கறனுங்க. நீட்டுக்குப் படிக்கற புள்ளைங்களுக்கு எடம் பத்தலீங்க."

இவரிடம் அழுதால் காரியம் நடக்காது என்று தெரியும்.

"ஒரே ஒரு தடவை ஒழுங்கா ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம் சார். அதுக்கப்புறமும் தண்ணி நிக்கலைன்னா, மண்ணைக் கொட்ட நானே முன்னால வந்து நிக்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "மே மாசம் லீவுல பண்ணிக்கலாமுங்க."

மே மாதத்துக்கு ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதம் அவர் மனசு ஒரே பக்கம் நிற்காது. நீட் வகுப்பு எடுப்பவர்கள் தினமும் அவர் அறைக்குப் போய் வருகிறார்கள், நான் மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். அதனால் விடவில்லை. தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்தால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம், குளிர்காலத்தில் எப்படியும் பிள்ளைகள் இறங்குவது குறைவு, கூரை இருக்கிறது, மழை பெய்தாலும் வேலை நிற்காது என்று அடுக்கினேன். அவர் கடைசியில் கையை உதறினார். "செரிங்க. உங்க பொறுப்புங்க டீச்சர்."

அந்த வருடம் மழை நன்றாக அடித்தது. பள்ளிக்குப் பின்னால் கல்லெறி தூரத்தில் ஏரி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதில் சீமைக் கருவேலத்தையும் கிரிக்கெட் ஆடும் பையன்களையும்தான் பார்த்திருக்கிறேன். அது தீபாவளிக்குப் பிறகு நிரம்பி, உபரித் தண்ணீர் கோடி வழிந்தது. ஊரே திரண்டு போய்க் கிடா வெட்டியது. எங்கள் தாளாளர்தான் முன்னால் நின்று பூத்தூவினார். மதியம் கறிச்சோறு பள்ளிக்கும் வந்தது, டீச்சர்கள் எல்லோரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டோம். நானும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதே நேரத்தில் அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குளத்தைக் காலி செய்ய அன்றைக்குக் காலையில்தான் போட்டிருந்தேன். ஏரி நிரம்பியதற்கும் எங்கள் குளத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆயிரம் அடிக்குக் கீழே கிடப்பது, இல்லாவிட்டால் லாரியில் வருவது.

வேலைக்கு வந்த மேஸ்திரி பள்ளிபாளையத்துக்காரர். அங்கே சாயப்பட்டறைகளுக்குத் தொட்டி கட்டியவர். என் வயசுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார், பேசினால் மெதுவாகப் பேசுவார். நாலு ஆட்களோடு வந்து பள்ளியிலேயே தங்கிக்கொண்டார். முதல் வாரம் கூரை இரும்பைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார்கள். சுரண்டிய துரு டீ கிளாசில் விழுந்தது, என் தலையில் விழுந்தது, சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா என் புடவையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிறகு பழைய டைல்ஸை உடைத்தார்கள். காலையில் பிரேயர், பிறகு என் வகுப்புகள், இடைவேளையில் குளம், மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடித்துவிட்டு மறுபடி குளம். வீட்டுக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆகும். என் கணவர் பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டரோடு காத்திருப்பார். ஏறியதும் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவேன், வீட்டு வாசலில் எழுப்புவார்.

காலிக் குளத்தில் இறங்கி நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. ஆழப்பக்கம் எட்டடி. இருபத்தோரு வருடம் மேலிருந்து பார்த்துக் கத்திய இடத்தில் செருப்புக் காலோடு நின்றேன். அடியில் ஹேர்பின்கள், ஒரு கொலுசு மணி, யாருடையதோ ஒற்றைக் கம்மல் கிடந்தன. அவற்றை எல்லாம் பொறுக்கி ஒரு சோப்பு டப்பாவில் போட்டு வைத்தேன்.

அங்கேதான் அந்த ஓட்டை இருந்தது. வடிகால் சல்லடைக்குப் பக்கத்தில், டிபன் தட்டு அகலத்துக்குப் பித்தளை மூடி. கீழே ஒரு ஸ்பிரிங். உள்ளே மணல் சிக்கி, மூடி பாதி திறந்தபடி நின்றுவிட்டிருந்தது. சுற்றிலும் ஈரம்.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து அதை ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தார். "இது என்னத்துக்குங்க டீச்சரம்மா வெச்சிருக்குது?"

"இதுதான் மேஸ்திரி நம்ம தண்ணியெல்லாம் குடிக்கிற வாய். இது வழியாத்தான் ஒழுகுது. சந்தேகமே இல்லை. நல்லா கான்கிரீட் போட்டு அடைச்சிடுங்க."

"ஒழுகறது வாஸ்தவமுங்க. ஆனா கட்டுனவிய சும்மா வெச்சிருக்க மாட்டாங்களே. சாயத்தொட்டியில இப்பிடி நான் பாத்ததில்லீங்க. எதுக்கும் ஆரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்களா?"

"யாரைக் கேக்கிறது? கட்டின இஞ்சினியர் செத்துப்போயி எத்தனையோ வருசம் ஆச்சு. இருபத்தோரு வருசமா இந்தத் தண்ணியிலயே கிடக்கிறவ நான். என்னை விட யாருக்குத் தெரியும்?"

சாயங்காலம் தாளாளர் வேலையைப் பார்க்க வந்து விளிம்பில் நின்றபோது, மேஸ்திரி கீழேயிருந்தபடி மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். "அய்யா, இதுக்குள்ள ஈரமாவே இருக்குதுங்க. தொடச்சாலும் ஊறுதுங்க."

தாளாளர் சிரித்தார். "கொளத்துத் தண்ணி எறங்கி நிக்குமப்பா. இந்த மண்ணுல தண்ணியப் பத்தி எனக்கா சொல்ற? ஆயரத்தி எரநூறு அடி ஓட்டி வெறும் பொகையப் பாத்தவன் நானு. எட்டடியில என்ன இருக்கப்போவுது? டீச்சர் சொல்ற மாதிரி அடச்சுப்போடு."

மறுநாள் அடைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கான்கிரீட்டின் மேல் மேஸ்திரி கரண்டியால் தடவித் தடவி வழவழப்பாக்கியபோது எனக்கு அப்படி ஒரு திருப்தி.

பிறகு புது டைல்ஸ் பதித்தார்கள். வெளிர்நீலம், நடுவில் கோடுகளுக்குக் கருநீலம். ஆழப்பக்கத்துத் தரை முடிந்த அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் சிலர் வாசலில் வந்து நின்று, "மிஸ், பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவையாவது விடுவீங்களா மிஸ்?" என்று கேட்டார்கள். விடுகிறேன், போய்ப் படியுங்கள் என்று விரட்டினேன். விரட்டிவிட்டு நானே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அந்த வாரம் மறுபடி நாலு நாள் விடாமல் மழை. கூரைக்குக் கீழே ஒரு சொட்டு விழவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, நான் கதவைத் திறந்தபோது மேஸ்திரியும் ஆட்களும் ஆழப்பக்கத்து விளிம்பில் வரிசையாக நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். தரையின் நடுப்பகுதி சப்பாத்தி போல உப்பியிருந்தது. புது டைல்ஸ் சிதறிக் கிடந்தது. சுவரிலிருந்து சுவர் வரை ஒரு வெடிப்பு, அதிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி கீழே இறங்கி அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். "மேலிருந்து வந்ததில்லீங்க டீச்சரம்மா. கீழயிருந்து முட்டுதுங்க."

இரண்டு பேரும் அடைத்த இடத்தைப் பார்த்தோம். அந்த ஓட்டை எதற்கு என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. குளம் நிறைந்திருக்கும்போது மேலே உள்ள பாரம் தரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலியாக இருக்கும்போது பிடிக்க ஒன்றுமில்லை. அடியில் ஊறும் தண்ணீர் தரையைத் தூக்கிவிடாமல் உள்ளே வந்து சேர ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் நான் அடைக்கச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தாளாளருக்கு யாரோ சொல்லி, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு பார்வை பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. நேராக மேஸ்திரியிடம் போனார்.

"என்னப்பா வேல இது? அடியில கலவ சரியாப் போட்டயா இல்லையா? சாயத்தொட்டி கட்டறவனக் கூட்டியாந்தது தப்பாப் போச்சு. சாமான எடுத்துக்கிட்டுக் கெளம்பு. நாமக்கல்லு, ராசிபுரம், இந்தப் பக்கம் ஒருத்தன் உன்னயக் கூப்புடாத மாதிரி நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னால் செய்வார். பள்ளி, பண்ணை, மில் எல்லாவற்றிலும் அவருக்குச் சொந்தக்காரர்கள், பங்காளிகள். நாலு போன் போதும்.

மேஸ்திரி ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புத்தானுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

தாளாளர் என் பக்கம் வந்து குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க வெசனப்படாதீங்க டீச்சர். நல்ல ஆளாப் பாத்து மே மாசத்துல பண்ணிக்கலாம். பாவம், நீங்களும் எத்தன அலைச்சல் அலஞ்சீங்க. கொளம் எங்கயும் போயிராதுங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு மாதமாக நாயாய் உழைத்தேன். அது இப்படி வந்து கையில் விழுந்தது. நான் சும்மா இருந்தால் போதும், குளம் பிழைத்துக்கொள்ளும். ஓட்டையை அடைத்ததால்தான் தரை தூக்கியது, அடைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னால், இந்த டீச்சர் பேச்சைக் கேட்டது போதும் என்று மண் லாரிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். சரிங்க சார் என்று தலையை ஆட்டினேன். பத்து மணிக்கெல்லாம் மேஸ்திரியின் ஆட்கள் கலவை இயந்திரத்தை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஏழாம் வகுப்புக்கு கோ-கோ நடத்தப் போனேன்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் தூக்கம் வரவில்லை. "என்ன, முழிச்சுக்கிட்டே வர்றே?" என்று கணவர் கேட்டார். டைல்ஸ் பெயர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்கு வருத்தப்பட்டு வழியில் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு முன்னால், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். நிற்க நிற்க எனக்கே என்மேல் கோபம் வந்தது. இங்கே சொன்னால் ஃபாதர் மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். பள்ளிபாளையத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு அதில் என்ன லாபம்? வரிசையை விட்டு வெளியே வந்து, மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"ஓட்டையை அடைச்சதாலதான் இப்படி ஆச்சு, அடைக்கச் சொன்னது நான்தான்னு ஏன் மேஸ்திரி சொல்லலை?"

அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். பூசை முழுவதும் எழுந்தேன், முட்டி போட்டேன், உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பள்ளி ஆபீசில் கிளார்க்கை எழுப்பாத குறையாகப் பிடித்து இழுத்து, பழைய பீரோவைத் திறக்கச் சொன்னேன். கட்டட ஃபைல்கள் எல்லாம் அடித்தட்டில் கிடந்தன. குளத்தின் வரைபடம் நாலாக மடித்து, கரப்பான் அரித்த ஓரத்தோடு கிடைத்தது. ஆழப்பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குப் பக்கத்தில் இஞ்சினியர் தன் கையாலேயே எழுதியிருந்தார், மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது, செய்தால் இந்த வால்வு வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று. நல்ல கையெழுத்து. குளத்திலிருந்து அந்த பீரோவுக்கு ஐம்பது அடி கூட இருக்காது. யாரைக் கேட்பது என்று கேட்டேனே, இவரைக் கேட்டிருக்கலாம்.

தாளாளர் வந்ததும் உள்ளே போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், மேஸ்திரி மேல தப்பில்லை. கேட்டுட்டுச் செய்யலாம்னு அவர் சொன்னார். நான்தான் அடைக்கச் சொன்னேன். அடைச்சதாலதான் தரை தூக்கிடுச்சு. சனிக்கிழமை நீங்க அவரைத் திட்டினப்ப நான் வாயை மூடிட்டு நின்னேன். குளம் போயிடுமேன்னு நின்னேன்."

வரைபடத்தை மேசையில் விரித்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"எட்டடியிலயா?" என்றார் கடைசியில். என்னைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. "இந்த மண்ணுல, எட்டடியிலயா தண்ணி நிக்குது?"

"ஏரி நிறைஞ்சிருக்கே சார்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து ஏரிக்கரை தெரியும். பிறகு போனை எடுத்து அவரே மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஏப்பா, உளியும் சம்மட்டியும் எடுத்துக்கிட்டு வா. இன்னைக்கே வா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு என்ற பேச்சு அவர் வாயில் வராது. ஆனால் மேஸ்திரி மதியம் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது, "சோறு தின்னயா?" என்பதுதான். தின்னலீங்க என்றதும் மெஸ்ஸில் உட்கார வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அடைத்த இடத்தை மேஸ்திரியே உடைத்தார். கடைசி அடியில் கான்கிரீட் துண்டு பெயர்ந்து மேலே வந்தது, அதன் பின்னால் தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பொங்கியது. முதலில் செம்மண் கலங்கல், அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. சாயங்காலம் ஆழப்பக்கத்தில் இடுப்பளவு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. தாளாளர் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மதியத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தபோதெல்லாம் கட் செய்தார். பிறகு படியில் இறங்கி, போர்வெல்லில் தண்ணீர் வந்தால் செய்வதைப் போல ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்து, அடுத்த கையைக் குடித்தார்.

"உப்பே இல்லீங்க டீச்சர்" என்றார். "பள்ளிக்கொடத்துல ஒம்போது போர் போட்டிருக்கறேன். ஒண்ணுகூட இப்பிடி இல்லீங்க."

அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் சொன்னார். இந்தத் தண்ணீரை மூடுவது பாவம், ஸ்டடி ஹால் வேண்டாம், இதைக் கிணறாகவே வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஐந்து மாதம் நின்றாலும் போதும் என்றார். ஏப்ரல் மாதம் ஹாஸ்டல் பெண்கள் ஆளுக்கு ஒரு வாளியோடு வரிசையில் நிற்பதை நானும்தான் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும் அளவுக்குக்கூடத் தெம்பில்லை.

"பாதியாவது விடுங்க சார்" என்றேன். "ஆழப்பக்கம் உங்களுக்கு. நடுவுல ஒரு சுவர் வெச்சிடலாம். இந்தப் பக்கம் நாலடி ஆழம் பிள்ளைங்களுக்குப் போதும்."

"பாதி நீச்சலா சொல்லிக் குடுப்பீங்க?" அவர் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது.

"முழு நீச்சல்தான் சார். சீக்கிரமாத் திரும்பி வந்திடுவாங்க, அவ்வளவுதான்."

அவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவினார். "மேஸ்திரி அவரே இருக்கட்டுங்களா?" என்று கேட்டார். அந்த "அவரே" என்ற மரியாதை புதிது. சரி என்று சொல்லிவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

டைவ் அடிக்கப் பழகிய பெண்களிடம் போய் இனிமேல் டைவ் கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி, "அப்ப பாத் டப்பா மிஸ்?" என்று கேட்டாள். கத்த வேண்டும் என்று தோன்றியது, கத்தவில்லை. ஆமாம், பெரிய பாத் டப் என்றேன். அவர்கள் சிரித்தார்கள், எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பொங்கல் கழித்து நடுச்சுவருக்கு வேலை ஆரம்பித்தது. முதல் நாள் நான் விளிம்பில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி கீழே நூல் கட்டி மட்டம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சரம்மா, சுவத்துக்கு இந்தப் பக்கம், நம்ம புள்ளைங்க பக்கத்துத் தரையிலயும் அதே மாதிரி ஒரு ஓட்ட விடோணுமுங்களா?"

அவர் குத்திக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கேட்டார். விட வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பதிலும் என் வாய் வரை வந்து நின்றன. எந்தப் பதிலைச் சொன்னாலும் அதட்டித்தான் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியலைங்க மேஸ்திரி" என்றேன். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"செரிங்க" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் காத்திருக்க உட்கார்ந்தார். நான் சுவரைப் பிடித்து எழுந்து, வரைபடம் இருக்கும் ஆபீஸ் பக்கம் நடந்தேன்.